இந்தப் புத்தகங்களை ஆர் தெரிவு செய்யிறது?

போன விடுமுறைக்கு ஊரில் நின்றபோது ஓர் ஒப்படைக்கு மலையகச் சிறுகதைகள் தேவைப்பட்டன. கம்பஸ் நூலகத்தில் எடுத்ததை வெளிக்கிட முதலே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திட்டன். சரி, எங்கட பிரதேச சபை நூலகத்தில் பார்ப்பம் எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வன்னியில் இருக்கிற ஒரு சின்ன நூலகம். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போறது அந்த ஒரு நூலகத்தின் கதை மட்டும் இல்லை.

894.811 என்று ஒட்டியிருந்த இறாக்கையில் தேடினேன். தெளிவத்தை ஜோசப் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை இல்லை. மலையகம் என்ற சொல் அட்டையில் இருக்கிற ஒரு புத்தகம்கூட இல்லை. ஆனால் பக்கத்து இறாக்கையில், வாழ்க்கையில் வெல்வது எப்படி என்று சொல்லித்தருகிற ஒரே புத்தகம் ஆறு பிரதி கிடந்தது. ஆறும் புதுசு. ஆறையும் திறந்து பார்த்தேன். ஒன்றின் திகதித் தாளிலும் ஒரு முத்திரைகூட இல்லை.

இதில என்ன பெரிய விஷயம் எண்டு நீங்கள் கேட்கலாம். எங்கட ஊரில் கணிசமான குடும்பங்கள் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறினவை. என்னோட படிச்ச சிநேகிதியின் அம்மம்மா கொழுந்து பறிச்ச கையோடு வந்தவ. அந்தச் சிநேகிதி ஓ/எல் எடுக்கும் மட்டும் கிழமைக்கு ஒரு தடவை இந்த நூலகத்துக்கு வந்து போனவள். தன்ர அம்மம்மா எங்கிருந்து, ஏன் வந்தவ என்று சொல்ல ஒரு புத்தகம் அங்கே அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அவள் தேடவும் இல்லை. இருக்கும் எண்டு தெரிஞ்சால்தானே தேடுவாள்.

நூலகத்தில் இருக்கிற அக்காவிடம் கேட்டேன்: “இந்த ஆறு புத்தகத்தையும் ஆர் அக்கா வாங்கினது?”

அவ சிரிச்சா. “டிசம்பருக்குள்ள காசை முடிக்கவேணும் எண்டு சொன்னவை பிள்ளை. கடையால ஒரு லிஸ்ட் வந்தது. நான் ஒரு பிரதிதான் போட்டனான். ஆறு வந்தது. திருப்பி அனுப்பினால் பில் மாத்தவேணும், கையெழுத்து மாத்தவேணும். ஆர் அலையிறது?”

அன்றிலிருந்து இந்தக் கேள்வி மண்டைக்குள் நிக்குது. ஒரு பொது நூலகத்துக்குள் ஒரு புத்தகம் எப்படி வருகிறது?

எங்கட நாட்டில் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் சொத்து. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று யார் அந்த இடத்தை ஆளுகிறார்களோ அவர்கள்தான் நூலகத்தையும் நடத்துகிறார்கள். ரோட்டு லைற் போடுகிற, குப்பை அள்ளுகிற அதே பாதீட்டில்தான் புத்தகத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. குப்பை அள்ளாவிட்டால் மூன்றாம் நாளே சனம் சபைக்குப் போய்ச் சத்தம் போடும். புத்தகம் வாங்காவிட்டால் மூன்று வருசம் போனாலும் ஒருத்தரும் சத்தம் போட மாட்டினம். ஆகவே முதலில் வெட்டுப்படுவது எந்த வரி என்று நான் சொல்லத் தேவையில்லை.

காசு வந்தாலும் அது வருகிற நேரம் பிரச்சினை. நிதியாண்டு டிசம்பரில் முடியும். வருசம் முழுக்க இழுபட்டு, கடைசி மாதத்தில் செலவழித்தே ஆகவேணும் என்று வந்தால், யோசிச்சுத் தெரிவு செய்ய நேரம் எங்கே? விலைமனு கேட்கவேணும், குறைந்த விலையைப் பார்க்கவேணும், கணக்காய்வுக்குக் காரணம் சொல்லவேணும். மேசை, கதிரை வாங்க இந்த முறை சரி. நூறு கதிரையும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. நூறு புத்தகம் அப்படி இல்லையே. கடையில் தேங்கிக் கிடக்கிற புத்தகத்துக்குத்தான் கூடின கழிவு கிடைக்கும். கழிவு கூடினதைத்தான் வாங்கினோம் என்றால் கணக்காய்வில் கேள்வி வராது. வாசிக்க ஆள் இருக்கா என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

2022 நெருக்கடிக்குப் பிறகு இது இன்னும் மோசம். எங்கட கடைகளில் இருக்கிற தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருந்து வருகிறது. நெருக்கடிக்கு முதல் ஓர் இந்திய ரூபா மூன்று இலங்கை ரூபாவுக்குக் குறைவாக இருந்தது; இப்ப மூன்றைத் தாண்டிவிட்டது. அதுக்கு மேலே கப்பல் கூலி, கடையின் இலாபம். முந்தி பத்துப் புத்தகம் வாங்கின காசுக்கு இப்ப ஆறு, ஏழு. காசு சுருங்கச் சுருங்கத் தெரிவு கவனமாக இருக்கவேணும். நடப்பது மறுவளம்.

அடுத்த வழி அன்பளிப்பு. வெளிநாட்டில் இருக்கிறவை பெட்டி பெட்டியாக அனுப்புகினம். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கட நூலகத்தின் பின்னறையில் அப்படி வந்த ஆங்கிலப் புத்தகங்கள் உடைக்காத பெட்டிக்குள்ளேயே கிடக்கு. ஒன்றைப் பிரிச்சுப் பார்த்தால் வேற நாட்டு வரிச் சட்டம் பற்றின பழைய பாடநூல். தங்கட வீட்டில் இடம் இல்லாததை எங்கட ஊருக்கு அனுப்பிவிட்டு நூலகத்துக்கு உதவினோம் என்று படம் போடுகினம். வாங்கமாட்டோம் என்று சொல்ல அந்த அக்காவுக்கு அதிகாரம் இல்லை. கொடுக்கிற சபை உறுப்பினருக்கு ஒரு பொன்னாடையும் பேப்பரில் ஒரு படமும் தேவை.

உள்ளூர் எழுத்தாளர்களின் நிலைமை வேற. எங்கட ஆக்களில் பலர் தங்கட காசில் முந்நூறு, ஐந்நூறு பிரதி அடிச்சு, வெளியீட்டு விழா வைச்சு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் கொடுத்து, மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே வைச்சிருக்கினம். அந்தப் புத்தகங்கள் கடைக்காரரின் லிஸ்டில் வராது. பக்கத்து ஊரில் ஒருவர் எங்கட குளங்களைப் பற்றி எழுதின புத்தகத்தை நான் அவர் வீட்டு மேசையில்தான் பார்த்தேன். அவருக்கு நூலகம் மூன்று கிலோமீற்றர். இரண்டு பிரதி அன்பளிப்பாகத் தாங்கோ என்று கேட்டிருக்கினம். கழிவு கூடின ஆறு பிரதிக்குக் காசு இருக்கு, ஊர்க்காரருக்குக் காசு இல்லை.

இன்னொரு தெரிவாளர் இருக்கிறார். அவர் பெயர் பயம். போர் பற்றி, காணாமற்போனோர் பற்றி, காணி பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தால், வாங்காதே என்று ஒருத்தரும் எழுதித் தர மாட்டினம். ஆனால் “பிரச்சினை ஏதும் வருமோ” என்று யோசிக்கிற அந்த ஒரு நிமிசத்தில் புத்தகம் லிஸ்டில் இருந்து விழுந்துபோகும். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. எழுதினவருக்கே இப்படி என்றால், வாங்கி அடுக்கி வைக்கிற ஒரு நூலக உதவியாளர் யோசிக்கமாட்டாரா? பொது நூலகங்களுக்கான யுனெஸ்கோ பிரகடனம், அரசியல், சமயத் தணிக்கைக்கோ வியாபார அழுத்தத்துக்கோ நூலகச் சேகரிப்பு அடங்கக்கூடாது என்று சொல்கிறது. எங்கட இறாக்கைகளில் அந்த இரண்டும் சத்தமில்லாமல் நடக்குது.

இவ்வளவும் எழுதிக்கொண்டு வரும்போது எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்தது. ஒவ்வொரு வருசமும் ஜூன் 1 வந்தால் நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாண நூலகம் எரிகிற படத்தைப் பகிர்கிறோம். 1981 இல் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று எங்கட சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சரி, போன வருசம் உங்கட ஊர் நூலகம் எத்தனை புத்தகம் வாங்கினது? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எரிந்ததைக் கணக்கு வைச்சிருக்கிறோம், வருவதைக் கணக்கு வைக்கவில்லை. அந்த நூலகம் வானத்தில் இருந்து விழவில்லை. 1933 இல் க.மு. செல்லப்பா தன்ர வீட்டில் இருந்த புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருசம் வாடகை அறையில் 844 புத்தகத்தோடு நூலகமாகத் திறந்தார்கள். ஊரில் ஆக்கள் கூடி, கேட்டு, சேர்த்துக் கட்டினது. நாங்கள் எரிந்த முடிவை மட்டும் நினைவு வைச்சிருக்கிறோம், தொடங்கின விதத்தை மறந்துபோனோம்.

அக்காவிடம் கடைசியாகக் கேட்டேன்: “வாசகர் கேட்கிறதை எழுத ஒரு கொப்பி இல்லையா?” மேசை லாச்சிக்குள் இருந்து ஒன்றை எடுத்துத் தந்தா. முதல் நாலு பக்கம்தான் நிரம்பியிருந்தது. கடைசிப் பதிவு 2021. எங்கட அப்பாவின் கையெழுத்து! அந்த வருசம்தான் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. சேதனப் பசளை வீட்டில் செய்கிற முறை, அறக்கொட்டிக்கு மருந்தில்லாமல் என்ன செய்யிறது, இது இரண்டுக்கும் புத்தகம் வேணும் என்று எழுதியிருந்தார். பதில் பகுதி வெறுமை. அந்தப் போகம் எங்கட வயல் என்ன ஆனது என்பது வேற கதை. ஒரு புத்தகம் வந்திருந்தால் நெல் விளைந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கமக்காரன் வாழ்க்கையில் முதல் தடவையாக நூலகத்திடம் ஒன்று கேட்டார், நூலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அதுக்குப் பிறகு அவர் அங்கே போனதே இல்லை.

அதைவிட என்னைச் சுட்டது, அந்தக் கொப்பியில் என்ர பெயர் எங்கேயும் இல்லை என்பது. பத்து வருசம் அங்கே போய் வந்திருக்கிறேன்.

“அப்ப சனம் கேட்கிறதை மட்டும் வாங்கினால் ரமணிசந்திரனும் கடந்தகால வினாத்தாளும்தானே மிஞ்சும்” என்று என்ர வகுப்பு நண்பன் ஒருவன் சொன்னான். ரமணிசந்திரன் வாங்கத்தான் வேணும். எங்கட மாமி பகல் முழுக்க வேலை செய்துவிட்டு இரவு அரை மணித்தியாலம் வாசிக்கிறா, அதை இழிவாகப் பார்க்க நாங்கள் ஆர்? வினாத்தாளும் வேணும், ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளை வேற எங்கே போகும்? யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை சொன்ன எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இலேயே இதுக்கு வழி சொல்லியிருக்கிறார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேணும் என்பது அவருடைய விதிகளில் ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேணும் என்பது இன்னொன்று. முதலாவதுக்கு நூலகர் சனத்திடம் கேட்கவேணும். இரண்டாவதுக்கு, சனம் கேட்கத் தெரியாத நல்ல புத்தகத்தையும் வாங்கி அவர்கள் கையில் கொடுக்கவேணும். என்ர சிநேகிதி கேட்காமலே அவளுக்கு வரவேண்டிய புத்தகம் இந்த இரண்டாவது வகை. வாங்கின ஆறு பிரதி இரண்டு வகையிலும் இல்லை.

பெரிய சீர்திருத்தம் ஒன்றும் நான் கேட்கவில்லை. கோரிக்கைக் கொப்பி லாச்சிக்குள் இல்லாமல் மேசைக்கு மேலே இருக்கட்டும். வாங்குவோம் அல்லது இன்ன காரணத்தால் முடியாது என்று ஒரு மாதத்துக்குள் பக்கத்தில் பதில் எழுதட்டும். புத்தகக் காசை டிசம்பரில் கொட்டாமல் வருசத்தில் இரண்டு மூன்று தடவையாகப் பிரிக்கட்டும். அதில் ஒரு பங்கு உள்ளூர் எழுத்தாளரிடம் நேரே காசு கொடுத்து வாங்க ஒதுக்கட்டும். வாங்கின புத்தகங்களின் பட்டியலை விலையோடு அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். ஒக்ரோபரில் தேசிய வாசிப்பு மாதம் என்று பேச்சுப் போட்டி வைக்கிற நேரத்தில், ஒரு நாள் ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு “அடுத்த வருசம் என்ன வாங்குவம்?” என்று கேட்கட்டும்.

சபை செய்யாவிட்டால் நாங்கள் செய்யலாம். 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மே மாதம்தான் திரும்பத் தேர்தல் நடந்தது. இப்ப உங்கட வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார், வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தவர். அவரிடம் கேளுங்கோ. அவர் மழுப்பினால் 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. போன வருசம் நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினது, என்னென்ன தலைப்பு வாங்கினது, எத்தனை பிரதி என்று ஒரு கடுதாசியில் எழுதிச் சபையின் தகவல் அலுவலரிடம் கொடுத்தால், பதினான்கு வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்லவேணும்.

நான் அன்றைக்கு அந்தக் கொப்பியில் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே நாலு தலைப்பு எழுதிவிட்டு வந்தேன். மூன்று மலையகப் புத்தகம், ஒன்று குளங்களைப் பற்றின அந்தப் புத்தகம். எழுதினவரின் வீட்டு விலாசமும் போட்டேன். அக்கா வாசிச்சுப் பார்த்துவிட்டு, “இதோட நாலு பேர் வந்து எழுதினால் நானும் செயலாளரிட்டக் கொண்டுபோய்க் காட்டலாம் பிள்ளை” என்றா. சிநேகிதிக்குச் சொல்லியிருக்கிறேன், வாற சனிக்கிழமை போறாளாம். அப்பாவையும் கேட்டேன். அவர் இன்னும் ஓமென்று சொல்லவில்லை.