எட்டு ஜிபியில் ஓடட்டும்

எங்கள் ஊரான கொட்டாரத்துக்கு வரும் கடற்காற்று உப்பையும் சேர்த்தே கொண்டுவரும். லேப்டாப்பின் யூஎஸ்பி முனைகளில் களிம்பு பிடிக்கும். மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும். இங்கே உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்கு நல்ல கருவி எது என்பதில் குழப்பமே இல்லை. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி, நிரலின் முழு வரலாற்றையும் நம் கணினியிலேயே வைத்திருக்கிறது. நெட் வந்தபிறகு அனுப்பினால் போதும். 1991-ல் வெளிவந்த விம் எடிட்டர் மிகக் குறைந்த நினைவகத்திலேயே ஓடும். விஎஸ் கோட் எடிட்டரோ எலக்ட்ரான் என்ற கட்டமைப்பின் மேல் கட்டப்பட்டது. ஒரு தேங்காய் கேட்டால் தென்னையையே வேரோடு கொண்டுவந்து நிறுத்துவதுபோல, குரோமியம் உலாவியையும் கூடவே சுமந்து வருகிறது. அதோடு கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரையும் திறந்தால் 8 ஜிபி ரேம் திணறும். உடனே, ‘புது லேப்டாப் வாங்கு’ என்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். மீதி, கருவி செய்கிறவர்களின் பொறுப்பு. 32 ஜிபி கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘வேகம்’ என்று சொல்லக்கூடாது. 8 ஜிபியில், நெட் இல்லாமல் சோதித்த பிறகே வெளியிட வேண்டும்.