புது வெர்ஷனும் பழைய காணிப் பிளானும்

எண்பதுகளின் நடுவில் திருகோணமலை மாவட்டத்துத் திரியாய் ஊரை விட்டு ஓடியவர்கள் பலர் திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. ‘இது என்ட வளவு’ என்று சொல்ல உறுதியும் பிளானும்தான் துணை. ஆகவே பிளான் கீறும் கந்தோரில் ஆட்டோகேட் மென்பொருளின் வெர்ஷன் மாறுகிறது என்றால், அது அவர்களுடைய உள்வீட்டுக் கதை என்று என்னால் விட முடிவதில்லை.

திருகோணமலை நகரில் எனக்குப் பழக்கமான சேர்வையர் கந்தோர் ஒன்றில் இப்போது புது வெர்ஷனுக்கு மாறுவதா என்ற வாக்குவாதம்தான். மூத்த படவரைஞரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். இடது கை கீபோர்டில், வலது கை மவுசில். ஐகன் தேடி அவர் கண் அலைந்து நான் பார்த்ததில்லை. கோட்டுக்கு ‘எல்’, முழுப் படமும் தெரிய ‘இசட்’, பிறகு ‘ஈ’. பக்கத்து மேசைப் பிள்ளை தொழில்நுட்பக் கல்லூரியில் திரையின் மேலே பட்டன்கள் வரிசையாக நிற்கும் ரிப்பனோடு பழகியவள். பிளானுக்கு அடியில் செய்மதிப் படத்தை விரிக்க அவளுக்குப் புது வெர்ஷன் வேண்டும்.

“கொஞ்ச நாள் பழகினாச் சரிவரும் மாஸ்டர்.”

“எனக்குச் சரிவரும் பிள்ளை. என்ட பேர்ச்சஸ் கணக்குக்குச் சரிவருமா?”

கேள்வி நியாயமானது. மாஸ்டர் எப்போதோ ஆட்டோலிஸ்ப்பில் எழுதி வைத்த சின்ன நிரல் அது. எல்லைக்குள் ஒரு தட்டுத் தட்டினால் சதுர மீற்றரை 25.29ஆல் வகுத்து, 40 பேர்ச்சஸுக்கு ஒரு றூட், 4 றூட்டுக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்து, காணியின் நடுவில் எழுதிவிடும். விலை குறைந்த ஆட்டோகேட் எல்டியில் 2024 பதிப்புக்கு முன்பு லிஸ்ப் ஓடாது. ஒருமுறை மலிவென்று ஒரு கணினியில் எல்டி போட்டார்கள். அதில் வேலை செய்தவர் கல்குலேட்டரும் கையுமாக இருந்தார்.

என்னைக் கேட்டால், திரை எப்படி இருக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பது வீண். 2015 பதிப்போடு பழைய ‘கிளாசிக்’ முகப்பை எடுத்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் ‘மெனுபார்’ என்று தட்டி 1 கொடுத்தால் பழைய மெனு மேலே வந்து நிற்கும். அவரவர் திரை அவரவருக்கு.

கோப்பு அப்படியல்ல, அது ஊர்ப் பொதுக்கிணறு. 2013 முதல் 2017 வரையான பதிப்புகளுக்கு ஒரு கோப்பு வடிவம், 2018 முதல் வேறொன்று. புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. வெளியே இருக்கும் பொறியியலாளரிடம் இன்னும் 2010 இருக்கலாம். அவர் இந்த வாக்குவாதத்துக்கு அழைக்கப்படவே இல்லை. ஆகவே எந்த வெர்ஷன் வாங்கினாலும் ‘ஒப்ஷன்ஸ்’ போய், சேமிக்கும் வடிவத்தைப் பழையதில் பூட்டி வைக்க வேண்டும். புது வசதிகள் சில அதில் முழுதாகத் தங்காதுதான். காணிப் பிளானில் கோடும் எழுத்தும் தங்கினால் போதாதா?

பிள்ளையின் செய்மதிப் படத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய கண்டவல ஆள்கூறுகளில் பிதுருதலாகலைத் தொடக்கப் புள்ளிக்குக் கிழக்கு, வடக்கு இரண்டு இலக்கமும் 2,00,000 மீற்றர். 1999ஆம் ஆண்டு முறையில் 5,00,000. பழைய பிளானைக் கவனியாமல் புது முறையில் திறந்தால், திரியாய் வயல் கொழும்புக்குத் தென்மேற்கே நடுக்கடலில் போய் விழும். அப்படி விழுந்தால் நல்லது, உடனே கண்ணில் படும். வெறும் 3,00,000த்தைக் கூட்டிச் சமாளித்தால் வரும் சிறு பிசகுதான் ஆபத்து. அது வேலிச் சண்டையாக முளைக்கும். மாஸ்டர் இரண்டு முறையிலும் வேலை செய்தவர். பிள்ளைக்குப் பட்டன் தெரியும், அவருக்கு இலக்கத்தின் வரலாறு தெரியும். இருவரையும் ஒரே மேசையில் இருத்துவது எந்த மென்பொருளையும்விட மலிவு.

காணிக்காரருக்கு இதொன்றும் வேண்டாம். பாமினியில் அடித்த காணிப் பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியாமல், பிடிஎஃபில் ஒழுங்காக வந்தால் சரி.

சேர்வையரின் கவலை வேறு. 2016இலேயே ஆட்டோகேட்டின் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இனிச் சந்தாதான், அதுவும் டொலர் கணக்கில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை அவர் மறக்கவில்லை. இப்போதைக்குப் பிள்ளையின் கணினிக்கு மட்டும் புதியது, மாஸ்டருக்குப் பழையதே. மற்றதை டொலர் இறங்கினால் பார்ப்போம் என்கிறார்.