கையொப்பம் மட்டும் போதுமா?

வளர்ந்தோர் கல்வி என்றதும் பலர் நினைப்பது கையொப்பம் இடப் பழக்குவதையே. எமது கருத்து வேறு. வாசிக்கத் தெரியாமல் கையொப்பம் மட்டும் இடத் தெரிந்தவர், கைநாட்டு வைப்பவரைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். கைநாட்டு வைப்பவருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமென்று யாராவது நினைப்பர். கையொப்பம் இட்டவரோ யாவும் அறிந்தே ஒப்பமிட்டவராகக் கொள்ளப்படுவார்.

முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுகளைக் கழித்த எமது கமக்காரக் குடும்பங்களுக்கு இது வெறும் படிப்பு விடயம் அன்று, காணி விடயம். வன்னிக் குடியேற்றத் திட்டங்களின் காணிகள் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. பின்னுரித்தாளர் இன்னார் என்று பெயர் பதிய அச்சட்டத்தில் ஏற்பாடு உண்டு. பெயர் பதியாமலே குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், மனைவிக்குப் பின் காணி யாருக்கு என்பதைச் சட்டத்தின் அட்டவணையே தீர்மானிக்கும். அந்த அட்டவணை நெடுங்காலம் மகனை முன்னும் மகளைப் பின்னுமாக நிறுத்தியது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த வேற்றுமையை நீக்கியது. யுத்தத்தில் கணவரை இழந்து, பெண் பிள்ளைகளோடு தனித்து நிற்கும் எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்? யாராவது வந்து சொல்லும்வரை காத்திருப்பதா?

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே 1963 இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவூட்ட முனைந்தார். அவர் தொடங்கியது அரிச்சுவடியில் அன்று. அந்த மக்களின் அன்றாட வாழ்வில் புழங்கிய சொற்களில். எமது மக்களின் சொற்கள் எவை? காணி, எல்லை, வாய்க்கால், கடன், நிவாரணம், பதிவு. இவற்றைக் கொண்டே எழுத்துகளைக் கற்பிக்கலாம். மழைக்குறி பார்த்து விதைக்கத் தெரிந்த ஒருவரைப் பாலர் வகுப்புப் புத்தகத்தின் முன் இருத்துவது அவமதிப்பு. (காலபோக விதைப்பு வேளையில் வகுப்பு வைத்துவிட்டு, ஆட்கள் வரவில்லை என்று குறைப்படுவோரும் உளர். அவர்கள் கமம் அறியாதவர்கள்.)

ஆகவே, அறுவடை முடிந்தபின், ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபங்களில் கூடுவோம். பெண்களும் கட்டாயம் வரவேண்டும். கொப்பி வேண்டாம், அனுமதிப்பத்திரத்தை அல்லது அதன் பிரதியைக் கொண்டுவந்தால் போதும். பத்திரத்தின் இலக்கம், காணியின் விஸ்தீரணம், நான்கு எல்லைகள், பின்னுரித்தாளரின் பெயர் எழுதும் இடம்: முதல் நாளில் இவ்வளவையும் விரல் வைத்து வாசிப்போம். இடம்பெயர்வில் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலாளரிடம் பிரதி கேட்டுக் கடிதம் எழுதவேண்டும். அவர்களது எழுத்துப் பயிற்சி அந்தக் கடிதமே ஆகட்டும்.