ஆகஸ்ட் 15 யாரும் போடும் பிச்சை அல்ல

ஓசூரில் தொழில் நடத்தும் ஒருவர் சுதந்திர தினம் பற்றி எழுதிய கட்டுரை கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் அந்த நாளை உணர்ச்சியோடு கொண்டாடுகிறார்களாம். ஓசூர் தொழிலாளிக்கு அது தூங்கிக் கழிக்கும் லீவு நாள்தானாம். அதனால் அன்று மெஷினை ஓட்டுவதுதான் உண்மையான தேசபக்தியாம். லீவு விட்டால் ஆர்டர் கர்நாடக எல்லை தாண்டி பொம்மசந்திராவுக்குப் போய்விடுமாம். போதாக்குறைக்கு, தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியையும் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுத்திருக்கிறார்.

முதலில் நியூயார்க். மேடிசன் அவென்யூவில் இந்தியர்களின் ஊர்வலம் 1981-இலிருந்து நடக்கிறது, பிரம்மாண்டமானது, மறுக்கவில்லை. அது எந்தக் கிழமையில் நடக்கிறது என்று இவர் விசாரித்தாரா? ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்ட் 15 அமெரிக்காவில் வேலை நாள் என்பதால், அதையொட்டி வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை குட்டிகளோடு வந்து கொடி பிடிக்க அவர்களுக்கும் ஒரு லீவு நாள் வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் தேசிய தினமான ஆகஸ்ட் 9 பொது விடுமுறை. அது ஞாயிறாக வந்துவிட்டால் திங்கட்கிழமையும் விடுமுறை. பக்கத்து மலேசியாவிலும் சுதந்திர தினமான ஆகஸ்ட் 31 விடுமுறை. இவர் காட்டும் உதாரணங்கள் அத்தனையும் இவரையே குத்துகின்றன. ஊரெல்லாம் லீவு விட்டுக் கொண்டாடுவதைக் காட்டி, இங்கே லீவை எடுத்துவிடு என்பது என்ன நியாயம்?

தூக்கத்தைப் பழிக்கிறாரே, யாருடைய தூக்கம் அது? சின்ன எலசகிரியிலோ பேகேப்பள்ளியிலோ ஒரு லைன் வீட்டுக்குள் போய்ப் பார்க்கட்டும். ஓர் அறையில் ஆறேழு பேர். நைட் ஷிப்டு முடித்து வருகிறவர் படுக்க, பகல் ஷிப்டுக்குப் போகிறவர் பாயை விட்டு எழுந்திருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். நியூஜெர்சிக்குப் போனவர் போலவே இவர்களும் பிழைக்க ஊரை விட்டு வந்தவர்கள்தான். அங்கே இருப்பவரின் ஊர் ஏக்கம் இவருக்கு தேசபக்தியாகத் தெரிகிறது. இங்கே இருப்பவரின் அசதி சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. பதினான்காம் தேதி இரவு முழுக்க பிரஸ் மெஷின் முன்னால் நின்றவர் பதினைந்தாம் தேதி காலையில் கண் அசந்தால், நாட்டுக்கு அவர் என்ன துரோகம் செய்துவிட்டார்?

இனி சட்டம். தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றித் தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் சம்பளத்தோடு கட்டாய விடுமுறை. ஃபர்னஸை அணைக்க முடியாது, அவசர ஆர்டர் என்றால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, தொழிலாளர் துறைக்கும் தெரிவித்து, வேலைக்கு வருகிறவருக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு, இன்னொரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. ஆக, இவர் மெஷினை ஓட்டுவதை யாரும் தடுக்கவில்லை. கட்டுரை முழுக்கத் தேடினேன், இரட்டைச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. தேசபக்தி என்ற பெயரில் இவர் கேட்பது அந்தக் காசைத்தான்.

எல்லை தாண்டி ஆர்டர் போய்விடும் என்பது பச்சைப் பொய். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் பொம்மசந்திரா. கர்நாடகத்தில் 1963-ஆம் ஆண்டிலேயே இதே போன்ற சட்டம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 15 அங்கேயும் கட்டாய விடுமுறை. அங்கே தொழில் நடத்துபவர்களோடு தினமும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. எதற்கெடுத்தாலும் கர்நாடகத்தைக் காட்டி மிரட்டுவது ஓசூரில் பழைய வித்தை. கூலி உயர்வு கேட்டாலும் அதுதான், கேன்டீன் கேட்டாலும் அதுதான். இந்த முறை அது எடுபடாது.

ராஜாஜிக்கு வருகிறேன். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்தே போய், உப்புச் சட்டத்தை மீறிச் சிறைக்குப் போனவர் அவர். கூலிக்காரனின் கஞ்சியில் விழும் உப்புக்கு வெள்ளைக்காரன் போட்ட வரியை எதிர்த்த நடை அது. அவரோடு கருத்து வேறுபாடு எனக்கு நிறைய உண்டு, அது வேறு கதை. ஆனால் செத்துப்போன மனிதர் வாயில் தன் லாபக் கணக்கைத் திணிக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது? இந்த நாளைப் பற்றி இங்கே கொள்கைச் சண்டையே நடந்திருக்கிறது. சுதந்திரம் வந்த நாளைத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணா அதை ஏற்கவில்லை, மகிழ்ச்சி நாள் என்றார். ஒரே இயக்கத்துக்குள் நடந்த சண்டை அது. அப்படி வெளிப்படையாக வாதாடிய மண்ணில், எதிர்த்துப் பேச முடியாதவர்களின் லீவைப் பிடுங்குவதற்குக் கொள்கை முலாம் பூச வேண்டாம்.

ஒரு சுதந்திர தினத்தன்று சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை வாசலில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். செக்யூரிட்டி அறைக்கு முன்னால் கொடிக்கம்பம், கோலம், ஒரு தட்டில் ஆரஞ்சு மிட்டாய். நிரந்தரத் தொழிலாளிகளும் ஆபீஸ்காரர்களும் வரிசையில் நின்றார்கள். வேறு நிற ஐ.டி. கார்டு போட்ட கான்ட்ராக்ட் ஆட்கள் அதே கேட் வழியாக ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தேசிய கீதம் ஆரம்பித்ததும் அவர்களில் ஓர் இளைஞர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, போகும் வழியிலேயே விறைப்பாக நின்றார். முடிந்ததும் சூப்பர்வைசர் கையைத் தட்டி உள்ளே விரட்டினார். மிட்டாய்த் தட்டு அவர் பக்கம் வரவில்லை. கொண்டாடத் தெரியாதவர்கள் என்று இவர் எழுதியிருப்பது அந்த இளைஞரைப் பற்றி.

இன்னொன்றும் இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சூளகிரி பக்கம் உத்தனப்பள்ளி, நாகமங்கலம் என்று சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் எனப் போராடிய ஊர்கள் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் நிலம், குடிநீர், கழிவுநீர் என்று எதைப் பற்றியும் எழுந்து கேட்க ஒரு சாதாரண ஆளுக்கு வாய்க்கும் நாள் அது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்று ஷிப்டில் இருந்தால் கிராம சபையில் யார் பேசுவது?

வருகிற ஆகஸ்டுக்கு முன்னால் இவர் இன்னொரு கட்டுரை எழுதட்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தருவது என்ன என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துத் தன் ஆலை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். அன்று வேலைக்கு வந்தவர்களின் சம்பளச் சீட்டில் இரண்டு நாள் கூலி ஏறியிருப்பதையும் காட்டட்டும். அதுவரை தேசபக்தியைப் பற்றி அவர் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.