ஜொகூரிலிருந்து மூன்று நாள், இரண்டு ஊர்: ரயில் வந்த பிறகு கணக்கு என்ன சொல்கிறது?

கடந்த டிசம்பர் 12 முதல் ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கும் இடையே இடிஎஸ் மின்சார ரயில் ஓடுகிறது. 192 கிலோமீட்டர் நீளமுள்ள கெமாஸ் – ஜொகூர் பாரு இரட்டைத் தண்டவாளத் திட்டம் பல முறை தள்ளிப்போய், மார்ச்சில் சிகாமட், ஆகஸ்டில் குளுவாங், டிசம்பரில் ஜொகூர் பாரு எனப் படிப்படியாக வந்து சேர்ந்தது. நாலரை மணி நேரத்துக்குள் தலைநகர். மலேசியாவுக்கு வருகை தாருங்கள் 2026 ஆண்டும் பிறந்துவிட்டது. வரும் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை பதில் விடுமுறை என்பதால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் கையில் கிடைக்கிறது.

இந்த மூன்று நாளில் குடும்பத்தோடு கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று மூன்று ஊரையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம் என்ற பேச்சு குளுவாங், கூலாய் பக்கம் பலமாகவே கேட்கிறது. அது நடக்கிற காரியமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் நேரம். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் நாலரை மணி. அங்கிருந்து பட்டர்வெர்த் இன்னும் நாலு மணிக்கு மேல். ரயில் மாறக் காத்திருப்பதையும் பெர்ரி பிடித்து ஜோர்ஜ்டவுன் போவதையும் சேர்த்தால் ஒரு வழிக்குப் பத்து மணி நேரம். போய் வர இருபது. மூன்று நாளில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கழித்தால் ஊர் பார்க்க மிஞ்சும் பகல் நேரம் மிகக் குறைவு. செவ்வாய்க்கிழமை விடிகாலை பெரட்டுக்கு நிற்க வேண்டிய தோட்டத் தொழிலாளிக்கோ, ஏழரைக்குத் தொழிற்சாலை கேட்டில் கார்டு தட்ட வேண்டியவருக்கோ பினாங்கு மூன்று நாள் பயணம் அல்ல. குறைந்தது ஐந்து நாள் வேண்டும். எனவே மூன்று நாளுக்கு இரண்டு ஊர்: கோலாலம்பூரும் ஈப்போவும். இதற்கு மேல் சேர்த்தால் பிள்ளைகள் பார்ப்பது ஊரை அல்ல, ரயில் ஜன்னலை.

அடுத்தது பணம். இங்கேதான் பலரும் சொல்லாமல் விடுகிற விஷயம் இருக்கிறது.

ஜொகூர் பாரு – கோலாலம்பூர் இடிஎஸ் டிக்கெட் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 80 ரிங்கிட். கணவன், மனைவி, அரை டிக்கெட் வயதில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு வழிக்கு 240 ரிங்கிட். அதே தூரத்தைச் சொந்தக் காரில் போனால் என்ன ஆகும்? சுமார் 330 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் என்றால் 22 லிட்டர். புடி95 திட்டத்தில் லிட்டர் 1.99 ரிங்கிட் வீதம் 44 ரிங்கிட் எண்ணெய். நெடுஞ்சாலை டோல் 40 ரிங்கிட் அளவில். மொத்தம் 85. அதாவது தனி ஆளுக்கு ரயிலும் காரும் ஏறத்தாழ ஒரே விலை. இரண்டு பேர் என்றால் ரயில் இரட்டிப்பு. நாலு பேர் கொண்ட குடும்பம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. லார்க்கினிலிருந்து விரைவுப் பேருந்து இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

இதை ஈப்போ வரை நீட்டிப் பார்த்தேன். மூன்று பகல், இரண்டு இரவு, நாலு பேர். ஒரு இரவு அறை வாடகை 125 ரிங்கிட், நாளுக்கு 100 ரிங்கிட் சாப்பாடு என்று சிக்கனமாகவே வைத்தேன். காரில் போனால் போக வர ஏறத்தாழ 1,070 கிலோமீட்டர். எண்ணெய் 140, டோல் 130, பார்க்கிங்குக்கும் சில்லறைச் செலவுக்கும் 50. எல்லாம் சேர்த்து 870 ரிங்கிட். போகும்போது ரயில், திரும்பும்போது ஈப்போவிலிருந்து இரவுப் பேருந்து என்றால் 1,200 ரிங்கிட்டைத் தொடுகிறது. இரண்டு வழியும் ரயில் என்றால் அதையும் தாண்டும்.

2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் இந்தப் பயணம் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. இருவர் வேலை செய்யும் வீட்டில் கால் பங்குக்கு மேல். 2026 வரவு செலவுத் திட்டத்தில் சுற்றுலாத் தலங்களின் நுழைவுக் கட்டணத்துக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் 1,700 ரிங்கிட் சம்பளக்காரர் வருமான வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியில் எதை விலக்குவது? இந்தச் சலுகை நகரத்து நடுத்தரக் குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. தோட்டக் குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்றால் அதை ரயில் டிக்கெட் விலையில் காட்டியிருக்க வேண்டும்.

அப்படியானால் ரயில் நமக்கு இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். கார் கணக்கு, வீட்டில் கார் இருக்கிறது, அதை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட ஒருவர் இருக்கிறார் என்ற அடிப்படையில் போட்ட கணக்கு. கணவரை இழந்த பெண்கள், மகன் சிங்கப்பூரில் வேலை செய்வதால் பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகள், மோட்டார் சைக்கிள் மட்டுமே உள்ள குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் எத்தனை? இவர்கள் இதுவரை யாராவது கூட்டிப்போனால்தான் பத்துமலையைப் பார்த்தார்கள். ரயில் மாறாமல், நெரிசலில் சிக்காமல், கழிப்பறை வசதியோடு ஒரு பாட்டி தன் பேத்தியைத் தானே கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் போய் வரலாம் என்ற நிலை இப்போதுதான் வந்திருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. அந்த இருவருக்குமாகச் சேர்த்து ஒரு டிக்கெட் விலைதான் ஆகும். கார் கணக்கைவிட மலிவு. என் கண்ணில் இந்த ரயிலின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சிக்கல். சிகாமட்டிலிருந்து தெற்கே லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லயாங்-லயாங், கூலாய் என்று இந்தத் தண்டவாளம் ஓடுவது முழுக்க முழுக்க நம் ஆட்கள் வாழ்ந்த, இன்னும் வாழ்கிற தோட்டப் பகுதி. இந்தப் பாதை 1909இல் ஜொகூர் பாருவை எட்டிய காலத்திலிருந்தே ரப்பர் தோட்டங்களின் பாதை அது. ஆனால் எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. நிற்கிற நிலையத்திலிருந்தும் தோட்டத்துக்கு உள்ளே போகப் பேருந்து கிடையாது என்பதே பல இடங்களில் நிலைமை. கிரேப் காரும் செம்மண் சாலைக்குள் வரத் தயங்கும். டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் நிலையத்தில் அந்த ரயில் நிற்கிறதா, திரும்பி வரும் நேரத்தில் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரயிலில் முந்நூறு சொச்சம் இருக்கைகள்தான். தைப்பூசம், சீனப் புத்தாண்டு வாரங்களில் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. மே 1 வெள்ளிக்கிழமை வருகிறது, அதுவும் மூன்று நாள் விடுமுறை. தைப்பூசக் கூட்டம் வேண்டாம் என்பவர்கள் அதற்கு இப்போதே திட்டமிடலாம். தீபாவளி இந்த ஆண்டு நவம்பர் 8, ஞாயிறு.

ஊரில் இறங்கிய பிறகு செலவைக் குறைப்பது அவ்வளவு கடினமல்ல. சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடை தூரம். ஒரு காலத்தில் ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த இடம், 2010இல் லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்டது. தேசிய அரும்பொருளகத்துக்கு மைகாட் காட்டினால் பெரியவருக்கு 2 ரிங்கிட். பத்துமலைக்கு அதே சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில், கட்டணம் மூன்று ரிங்கிட்டுக்குள். முந்தைய ஆண்டுகளில் தைப்பூச நாள்களில் அந்தச் சேவையை இலவசமாகவே விட்டார்கள். மறுநாள் பிற்பகல் ஈப்போவுக்கு ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம், புந்தோங் கச்சாங் பூத்தே கடைகள், பழைய நகரத்துக் கட்டடங்கள். இவற்றில் எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: ஈப்போவிலிருந்து தெற்கே போகும் நெடுந்தூரப் பேருந்து, நகரத்துக்குள் இருந்து அல்ல, மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா நிலையத்திலிருந்து புறப்படும். அங்கே போக ஒரு வாடகை வண்டிக் காசை ஒதுக்கி வையுங்கள்.

மலாக்காவைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். ரயில் நிற்பது புலாவ் செபாங்கில். மலாக்கா நகரம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். மலாக்காவுக்கு லார்க்கினிலிருந்து நேராகப் பேருந்தில் போவதே புத்திசாலித்தனம், அதுவும் தனிப் பயணமாக.

பினாங்கு போயே ஆக வேண்டும் என்பவர்கள் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் எடுங்கள். போகும்போது இரவுப் பேருந்தில் போனால் ஓர் அறை வாடகை மிச்சம். பட்டர்வெர்த்தில் இறங்கினால் பெர்ரித் துறை பக்கத்திலேயே. திரும்பும்போது ரயிலில் ஈப்போவில் ஓர் இரவு, கோலாலம்பூரில் ஓர் இரவு என்று இறங்கி இறங்கி வரலாம். செனாயிலிருந்து பினாங்குக்கு ஏர் ஆசியா பறக்கிறது. மாதக்கணக்கில் முன்பதிவு செய்தால் சில நாள்களில் விமான டிக்கெட் ரயிலைவிட மலிவாகவே அமையும். தமிழ் படித்தவளுக்குக் கடாரத்தை விட மனம் வராது. பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் மெர்போக்கில் இருக்கிறது. ஆனால் சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்திலிருந்து அங்கே போக வண்டி வைத்தே ஆக வேண்டும். எனவே சிக்கனப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.

தோட்டங்களில் இன்றும் அதிகம் நடப்பது கோயில் கமிட்டி பஸ் பிடித்துப் போகும் பயணம்தான். நாற்பது பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு அதைவிட மலிவான வழி கிடையாது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2025 ஜூன் 9 அன்று கிரிக்கில் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்ததை மறக்க முடியாது. அதன் பிறகு ஜூலை 1 முதல் விரைவு, சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கை வார் கட்டாயம், அணியாத பயணிக்கும் 300 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. 500 ரிங்கிட் குறைவாகக் கேட்கிறார் என்பதற்காக உரிமம் இல்லாத வேனையோ, வார் அறுந்த பழைய பஸ்ஸையோ கமிட்டி ஒப்புக்கொள்ளக் கூடாது. முன்பணம் கொடுக்கும் முன் வண்டி எண்ணை வாங்கி, உரிமத்தையும் காப்புறுதியையும் காட்டச் சொல்லுங்கள். இரவு முழுக்க ஓட்டிய அதே ஓட்டுநரே மறுநாளும் திரும்ப ஓட்டுவாரா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது ஓட்டுநருக்கு ஆகும் செலவை நாற்பதால் வகுத்தால் ஒருவருக்குச் சில ரிங்கிட்தான் வரும்.

சிங்கப்பூரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். புக்கிட் சாகார் – உட்லண்ட்ஸ் நார்த் ஆர்டிஎஸ் ரயில் இந்த ஆண்டு இறுதியை ஒட்டித் தொடங்கும் என்கிறார்கள். அது ஓடும் வரை, ஒரு டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துப் பாலத்தில் பொழுதைக் கழிப்பதை விடுமுறைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தொழிலாளர் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைவானவருக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. பலர் அதை எடுப்பதே இல்லை. தைப்பூசத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையை இப்போதே விடுப்பாக எழுதிக் கொடுத்தால், இரவுப் பேருந்தில் வந்து இறங்கியவர் அன்று பகல் முழுக்கத் தூங்கலாம். பள்ளிக்கூடம் உள்ள பிள்ளைகளைத்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.