‘இல்லை’ என்றதன் பின்

ஒரு செய்தியை இல்லையென்று மறுத்த பின்னர், அம்மறுப்பை மேலும் வலியுறுத்துவதற்கு ஆங்கிலத்திற் சில மரபுத்தொடர்கள் உள. ‘லெற் அலோன்’, ‘மச் லெஸ்’, ‘ஸ்ரில் லெஸ்’ என்பன அவற்றுள் முதன்மையானவை. சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் இவற்றைக் கையாளுமிடத்து இடறுவதுண்டு. அவர்கள் இடறும் இடங்களை அறிந்துகொள்வது நம் மாணவருக்கும் நன்மை பயக்கும்.

சீனாவிலே பல்கலைக்கழக மாணவருக்கென 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆங்கிலத் தேர்வில், 2013ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின், சீனப் பந்தி ஒன்றை ஆங்கிலத்திற் பெயர்த்தெழுதும் வினாவும் இடம்பெறுகின்றது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் இத்தொடர்களில் எளிதில் அகப்பட்டுக்கொள்வர்.

முதலாவது இடறல், எதனை முன்னே கூறுவது என்பது. வறியவன் ஒருவனைப் பற்றிப் பேசும் சீனர், ‘மோட்டார் வண்டியைச் சொல்லாதே, துவிச்சக்கரவண்டிகூட அவனால் வாங்க இயலாது’ என்பர். ‘சொல்லாதே’ என்பதற்கு அவர்கள் வழங்கும் சொல் ‘பியே ஷுவோ’. பெரியதை முன்னே தள்ளிவிட்டுச் சிறியதைப் பின்னே மறுப்பது இந்நடை. ‘மோட்டார் வண்டி கிடக்கட்டும், துவிச்சக்கரவண்டி வாங்கவே வழியில்லை’ என்று நாமும் அவ்வாறே கூறுகிறோம் அன்றோ? ஆங்கிலமோ சிறியதை முதலில் மறுத்து, பெரியதைப் பின்னே வைக்கும்: ‘ஹி கனொற் பை எ பைசிக்கிள், லெற் அலோன் எ கார்’. இவ்வொழுங்கை மாற்றினால், மோட்டார் வண்டியினும் துவிச்சக்கரவண்டியே விலை கூடியது என்று பொருள்படும்.

சீனத்தில் வேறொரு தொடரும் உண்டு. ‘கெங் பூ யோங் ஷுவோ’ என்னும் அது, ‘இன்னும் சொல்லவேண்டியதில்லை’ எனப் பொருள் தரும். இத்தொடர் ஆங்கிலத்தைப் போலவே பெரியதைப் பின்னே வைப்பதால் ஒழுங்கு பிழைப்பதில்லை. ஆயினும் இரண்டாவது இடறல் இங்கேதான் இருக்கின்றது. ‘கெங்’ என்பது மிகுதியைக் குறிக்கும் சொல். அன்றியும், இத்தொடர் உடன்பாட்டின் பின்னும் எதிர்மறையின் பின்னும் ஒருங்கே வரும். ஆகவே மாணவர் எவ்விடத்தும் ‘மச் மோர்’ என்று எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்திலோ எதிர்மறையின் பின் ‘மச் லெஸ்’ என்றே வரல் வேண்டும். உடன்பாட்டின் பின் ‘நொற் ரு மென்ஷன்’ என்பது பொருந்தும். ‘லெற் அலோன்’ பொருந்தாது.

இஃது இலக்கணப் பிழை மாத்திரமன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவன், ‘நான் ஒருநாளேனும் பிந்தி வந்ததில்லை, வராது நின்றதோ இல்லவே இல்லை’ என்று எழுத எண்ணுகிறான். ‘மச் லெஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘மச் மோர்’ என்று எழுதினால், பிந்தி வந்ததினும் வராது நின்றதே மிகுதி என்று வாசிப்பவர் ஐயுறவும் இடமுண்டு. ஒரு சொல்லால் நற்சான்றே குற்றச்சாட்டாகிவிடும்.

இதன் உள்ளியல்பை ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் மூவர் உளர். சார்ள்ஸ் ஃபில்மோர், போல் கே, மேரி கதரின் ஓ’கொனர் என்னும் அவர்கள், ‘லெற் அலோன்’ என்னும் தொடரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு 1988இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே அளவுகோலின் இரு படிகளாய் நிற்றல் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய உண்மைகளுள் ஒன்று. கீழ்ப்படியில் ஏற இயலாதவன் மேற்படியில் ஏற இயலான். ஆதலாற் கீழ்ப்படியை மறுத்ததும் மேற்படி தானே மறுக்கப்படுகின்றது.

மாணவர் மனத்திற் கொள்ளவேண்டியவை மூன்று. முதலில் எளியது, பின்னர் அரியது. முன்னே எதிர்மறை இருத்தல் வேண்டும். ‘ஹாட்லி’, ‘பெயர்லி’ போன்ற அரிதென்னும் பொருளுடைய சொற்களும் எதிர்மறையாகவே கொள்ளப்படும். இரு பக்கத்துச் சொற்களும் ஒரே வடிவில் அமைதல் வேண்டும். ‘ஹி கனொற் வோக், லெற் அலோன் ரன்’ என்பதே சரி. ‘ரன்னிங்’ என்பது பிழை.

இனிப் பயிற்சி ஒன்று. ‘புத்தகம் எழுதுவது கிடக்கட்டும், அவனுக்கு ஒரு கடிதம் எழுதவே தெரியாது’ என்பதை ஆங்கிலத்திற் பெயர்த்தெழுதுக. பேனாவை எடுக்குமுன், புத்தகம், கடிதம் என்னும் இரண்டனுள் எது கீழ்ப்படி என்று ஒருகணம் சிந்தியுங்கள். அது தெளிந்தால் வாக்கியம் தானே ஒழுங்குபெறும்.