பெயர் மறுக்கப்படும் தீவிரவாதம்

'தீவிரவாதம்' என்னும் சொல் இந்நாட்டில் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பொது இடத்தில் குண்டு வெடித்தால் அது தீவிரவாதம். காட்டுக்குள் துப்பாக்கி ஏந்தினால் அதுவும் தீவிரவாதம். ஆனால், ஒரு சேரி முழுவதும் தீக்கிரையாக்கப்பட்டால் அதற்கு 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று பெயர். காதலித்த இளைஞனின் தலை துண்டிக்கப்பட்டு உடல் தண்டவாளத்தில் வீசப்பட்டால் 'காதல் விவகாரம்'. பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டால் 'முன்விரோதம்'. காவல்துறையின் குறிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் நாள்தோறும் புழங்கும் இச்சொற்கள் குற்றத்தின் வேரை மண்போட்டு மூடிவிடுகின்றன. வேர் தெரியாத குற்றத்திற்குத் தண்டனை கிடைக்கலாம், தடுப்பு கிடைக்காது.

தீவிரவாதத்தின் இலக்கணம் என்ன? பிறரைத் தாழ்த்தும் ஒரு கருத்தியல், அதனைப் பரப்பும் அமைப்பு, அவ்வமைப்புக்கு இளைஞர்களைத் திரட்டும் முறை, ஒருவரைத் தாக்கி ஆயிரம் பேரை அச்சுறுத்தும் வன்முறை. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுகூட, மக்களையோ மக்களில் ஒரு பிரிவினரையோ அச்சத்தில் ஆழ்த்தும் நோக்கத்தைப் பயங்கரவாதச் செயலின் கூறுகளில் ஒன்றாகச் சொல்கிறது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டின் கடந்த சில ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், சாதிய வன்முறை எங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

2012 மே மாதம் மாமல்லபுரத்தில் நடந்த சாதி மாநாட்டு மேடையில் சாதி மறுப்புத் திருமணங்களுக்கு எதிராக வெளிப்படையாகவே பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் தலித் மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் மணம் செய்துகொண்டதற்கு மூன்று குடியிருப்புகளும் விலை கொடுத்தன. எரிந்தவற்றில் வெளியூர்களில் உழைத்துச் சேர்த்த பொருளும், பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் அடங்கும். அவ்விளைஞர் இளவரசன் 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். 'நாடகக் காதல்' என்ற சொல்லோ அரசியல் மேடைகளில் பரப்பப்பட்டு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தோழியுடன் பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் அப்பெண்ணின் உறவினர்கள் அல்லர். ஒரு சாதி அமைப்பின் தலைவர் யுவராஜும் அவருடைய ஆட்களும். 'குடும்ப மானம்' என்ற வழக்கமான சமாதானம் இங்கே நொறுங்கிவிடுகிறது. தலைமறைவாக இருந்தபடியே யுவராஜ் வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார். வழக்கை விசாரித்து வந்த காவல் துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா அதே ஆண்டு செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார். முதன்மைச் சாட்சியான தோழி பிறழ்சாட்சியானார். இருந்தும், கோயில் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் வழக்கைத் தாங்கி நின்றன. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. தாய் சித்ராவின் தளராத போராட்டத்திற்குக் கிடைத்த நீதி அது. ஆனால், ஒரு வழக்குக்கு ஒரு தாயின் ஏழாண்டு வாழ்வைக் கேட்கும் நீதியமைப்பு எத்தனை தாய்மார்களுக்கு எட்டும்?

இக்கருத்தியலுக்கு ஆள் சேர்க்கும் களம் பள்ளிக்கூடமாக மாறியிருப்பதே இன்றைய பேராபத்து. தென்மாவட்டங்களில் மாணவர்களின் மணிக்கட்டில் ஏறும் வண்ணக் கயிறு சாதியை அறிவிக்கும் அடையாள அட்டையாகிவிட்டது. 2019இல் பள்ளிக் கல்வித்துறை இக்கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் குரல் எழுந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் பின்வாங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவில், நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் படித்த சிறுவர்கள். தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாதிருந்த அம்மாணவர், ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். அதுதான் அவர் செய்த 'குற்றம்'. 2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் புறப்பட்ட 11ஆம் வகுப்பு தலித் மாணவரைப் பேருந்திலிருந்து இறக்கி விரல்களை வெட்டினர். எழுதும் கையைத் தேடி வெட்டும் வன்மம் ஒரு சிறுவனின் மனத்தில் தானாக முளைப்பதில்லை. வீடும் தெருவும் சாதிச் சங்க விழாவும் கைபேசித் திரையும் சேர்ந்து அதை விதைக்கின்றன.

இத்தீவிரவாதத்தின் முதல் இலக்கு தலித் மக்கள். ஆனால், அது அவர்களோடு நிற்பதில்லை. ஆதிக்கச் சாதிப் பெண்களுக்கு அது சொந்த வீட்டையே சிறையாக்குகிறது. தலித் இளைஞரைக் காதலித்த பெண்ணைப் பெற்றோரே கொன்றால், கொல்லப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்பதால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்பதில்லை. அடுத்த இலக்கு அச்சாதிகளின் ஏழை வீட்டுச் சிறுவர்கள். அரிவாளைத் தூக்குபவன் சீர்திருத்தப் பள்ளிக்கும் சிறைக்கும் போகிறான். அவன் கையில் கயிறு கட்டியவர்களோ கூட்டணிப் பேச்சுவார்த்தைக்குப் போகிறார்கள். சாட்சிகள் அஞ்சுகின்றனர், ஆசிரியர்கள் கண்டும் காணாதிருக்கின்றனர், கட்சிகள் வாக்குக்கணக்கைப் பார்த்து வாய்மூடுகின்றன. அச்சத்தால் அமைதி காக்கும் சமூகத்தில் சட்டத்தின் ஆட்சி பெயரளவில்தான் எஞ்சுகிறது.

அப்படியானால், பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களைச் சாதி அமைப்புகள் மீது ஏவ வேண்டும் என்பதா நம் கோரிக்கை? இல்லை. அச்சட்டங்களின் முகத்தை நாம் நன்கறிவோம். அறிஞர் ஆனந்த் டெல்டும்டே 2020இல், அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14 அன்று, பீமா கோரேகான் வழக்கில் கைதானார். 2022 நவம்பரில்தான் பிணையில் வெளிவந்தார். சாதியை எதிர்த்து எழுதியவர் இரண்டரை ஆண்டுகள் 'பயங்கரவாதி'யாகச் சிறையில் இருந்த நாட்டில், பிணையை மறுக்கும் கொடுஞ்சட்டம் எப்போதும் கீழ்நோக்கியே பாயும்.

நமக்குத் தேவை, குற்றத்தின் சங்கிலி முழுவதையும் தொடும் தனிச்சட்டம். சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சாதி மறுப்பு இணையருக்குப் பாதுகாப்பும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் வேண்டும் என்றது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகே, சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அக்டோபரில் அறிவித்தது. வரவிருக்கும் சட்டம் அரிவாள் பிடித்த கையோடு நின்றுவிடக் கூடாது. மிரட்டல், ஊர்க்கூட்டம், பின்தொடர்தல், வெறுப்புப் பேச்சு, கொலையைப் புகழ்தல், கொலையாளிக்கு நிதி திரட்டுதல் ஆகியவற்றையும் குற்றமாக்க வேண்டும். சொந்தச் சாதியினரால் கொல்லப்படும் பெண்ணையும் பாதிக்கப்பட்டவராக ஏற்க வேண்டும். புகார் வந்தும் அசையாத அதிகாரி பொறுப்பேற்க வேண்டும்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கையை அளித்தது. சாதிக் கயிறுகளைத் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குதல், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை இடமாற்றுதல் முதலிய பரிந்துரைகள் அதில் உள்ளன. ஆள் சேர்க்கும் களத்தை மூடுவதற்கான வழி கையிலேயே இருக்கிறது. வேண்டியது அரசியல் துணிவு.

அகமண முறையே சாதியின் உயிர்நாடி என்று 1916இலேயே அம்பேத்கர் நிறுவினார். அதைக் காக்கவே இத்தனை அரிவாள்களும். எனவே, 'காதல் விவகாரம்', 'முன்விரோதம்' என்னும் திரைகளை முதலில் கிழிப்போம். சாதியத் தீவிரவாதத்தை அதன் பெயரால் அழைக்கும் அரசே அதை எதிர்கொள்ளத் தொடங்கும்.